நாய்க்கு உயிருக்கே ஆபத்து, கையில் பணம் குறைவு: எல்லைப்புற ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறோம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, கோபாலபுரம் என்று தமிழ் பேசும் ஊர்கள் வரிசையாக இருக்கும் பகுதி இது. எங்கள் நாய் செவலைக்குக் கருப்பையில் சீழ் பிடித்து, ஒரே இரவில் ஆபரேஷன் வரை போனது. பிழைத்துக்கொண்டாள். அதிலிருந்து அக்கம்பக்கத்தில் யார் வீட்டு நாய் படுத்தாலும் எனக்குப் போன் வரும். மருந்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பணத்தைப் பற்றித்தான் கேட்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. அந்தக் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இரவில் நாய்க்கு முடியாமல் போய்விட்டது. காலை வரை பொறுத்தால் செலவு குறையுமா?

பெரும்பாலும் கூடும். செவலை இரண்டு நாள் சாப்பிடவில்லை, தண்ணீரை மட்டும் சட்டி சட்டியாகக் குடித்தாள். வெயில்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். முதல் நாளே போயிருந்தால் நிதானமாகத் திட்டமிட்டுச் செய்திருக்கக்கூடிய ஆபரேஷன், மூன்றாம் நாள் இரவில் அவசரமாகச் செய்ய வேண்டியதாகிவிட்டது. சீழின் விஷம் ரத்தத்தில் கலந்திருந்ததால் கூடுதலாக டிரிப்ஸ், கூடுதலாக இரண்டு நாள் ஊசி. அந்த இரண்டு நாள் தாமதத்தின் விலை பில்லிலேயே தெரிந்தது.

ஒன்று பழகிக்கொள்ளுங்கள். நாயின் மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். காகிதம் போல வெளுத்திருந்தாலோ, நிறம் திரும்ப நேரமெடுத்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பாக இருக்கும். அப்படியென்றால் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள்.

வயிறு மத்தளம் மாதிரி உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால் உடனே கிளம்ப வேண்டும். பெரிய உடம்புக்கார நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் நோய் அது. சில மணி நேரத்தில் உயிர் போகும். ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கி நின்றும் மூத்திரம் வராவிட்டாலும் அதே அவசரம். வலிப்பு நிற்காமல் வந்தாலும், எலி மருந்து தின்றிருந்தாலும் அப்படியே. எலி மருந்து என்றால் அந்த அட்டையையோ டியூபையோ கையோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமல் செய்யும் வகைக்கு வைட்டமின் கே முறிவு மருந்தாக இருக்கிறது. எந்த வகை என்று தெரிந்தால் தேவையில்லாத பரிசோதனைச் செலவு மிச்சம்.

முதலில் எங்கே போவது?

பகலென்றால் பஞ்சாயத்தில் இருக்கும் அரசு மாட்டாஸ்பத்திரிக்குத்தான். பெயர்தான் மாட்டாஸ்பத்திரி, நாயையும் பார்ப்பார்கள். அங்கே முடியாதது என்றால் எங்கே போக வேண்டும் என்று அந்த டாக்டரே சொல்லிவிடுவார், அந்த ஒரு வார்த்தைக்காகவே போகலாம். கேரளத்தில் பிளாக் அளவில் இரவு நேர அவசரக் கால்நடைச் சேவை இருக்கிறது. உங்கள் பிளாக்கில் இரவுப் பணியில் இருக்கும் டாக்டரின் எண்ணைப் பகலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 1962 என்ற இலவச எண் கேரளம், தமிழ்நாடு இரண்டிலுமே நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கானது.

பெரிய நோய் என்றால் எங்களுக்கு இரண்டு திசை. மேற்கே பாலக்காடு தாண்டி, குதிரான் சுரங்கத்தைக் கடந்தால் மண்ணுத்தி. கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. திருச்சூர் நகருக்குள் கொக்காலையிலும் அவர்களுக்கு ஒன்று உண்டு. கிழக்கே கோயம்புத்தூர், பொள்ளாச்சி. உடுமலைப்பேட்டையில் 2020இல் தமிழ்நாடு அரசின் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் தனியார் கிளினிக்கை விடக் குறைவு, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் ஓ.பி. நேரம் உண்டு, வரிசையும் உண்டு. கிளம்பும் முன் போன் செய்து, அந்த நேரத்தில் ஆபரேஷனுக்கு ஆள் இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

எல்லையில் இருப்பதில் ஒரு நன்மை உண்டு. திருவோணத்தன்று பாலக்காட்டுப் பக்கம் எல்லாம் பூட்டியிருக்கும், பொள்ளாச்சிப் பக்கம் திறந்திருக்க வாய்ப்பு உண்டு. பொங்கலுக்குப் பாலக்காட்டிலும் உள்ளூர் விடுமுறை விடுவார்கள், அதனால் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஹர்த்தால் நாளில் கிழக்கே திரும்பிவிடுங்கள்.

வண்டி வாடகையையும் கணக்கில் சேருங்கள். இரவில் ஆட்டோவோ ஜீப்போ எடுத்தால் திரும்பி வரும் காலி வண்டிக்கும் சேர்த்துத்தான் கேட்பார்கள். பழைய பெட்ஷீட்டும், அடியில் விரிக்கப் பிளாஸ்டிக் சாக்கும் கொண்டுபோனால், வர மறுக்கும் ஓட்டுநரும் சரி என்பார்.

டாக்டரிடம் பணத்தைப் பற்றிப் பேச வெட்கமாக இருக்கிறது. எப்படிப் பேசுவது?

நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வது இதைத்தான்: முதல் பத்து நிமிடத்திலேயே பேசுங்கள். தொகையைச் சொல்லியே பேசுங்கள்.

அன்று இரவு என்னிடம் இருந்தது 6,500 ரூபாய். செவலை மேஜைமேல் படுத்திருந்தாள். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் காதே அடைத்துப்போனது. நடுவில் நிறுத்தி, "டாக்டரே, என்கிட்ட இன்னிக்கு ஆறாயிரத்து ஐந்நூறு இருக்கு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இன்னும் பத்து புரட்ட முடியும். அதுக்கு மேல இப்போ தெரியாது. இதுக்குள்ள எதை முதல்ல செய்யணும்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. "சேச்சி பறஞ்ஞது நன்னாயி" என்றார், சொன்னது நல்லதாயிற்று என்று. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நான்கு வரி எழுதினார். ஸ்கேன், ரத்தம், டிரிப்ஸ், ஆபரேஷன். எக்ஸ்ரே என்று ஐந்தாவதாக எழுதப் போனவர், ஸ்கேனிலேயே தெரிந்துவிடும் என்று அதை எழுதாமல் விட்டார். முன்பணமாக ஆறாயிரம் வாங்கிக்கொண்டார். ஐந்நூறை வண்டிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

எவ்வளவு இருக்கிறது என்று தெரியாதவரை, டாக்டர் முழு வைத்தியத்தைத்தான் சொல்வார். அது அவர் கடமை. தெரிந்தால், எது உயிரைக் காப்பது, எது நாளைக்குத் தள்ளிப்போடக்கூடியது என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியும். "இன்னிக்கு எது இல்லாம முடியாது?", "இந்த டெஸ்ட் முடிவு எதுவா இருந்தாலும் மருந்து மாறுமா?" இந்த இரண்டையும் கேளுங்கள். முடிவு எதுவானாலும் வைத்தியம் அதேதான் என்றால் அந்தப் பரிசோதனையை விட்டுவிடலாமா என்று கேட்பதில் தவறே இல்லை. அப்புறம், பிழைக்க எவ்வளவு வாய்ப்பு என்று நேராகக் கேளுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் நகையைக் கழற்றக் கூடாது.

மொத்தமாக எவ்வளவு ஆகும்?

நோய்க்கு நோய், ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பில்லைச் சொல்கிறேன், அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தனியார் கிளினிக், ஆபரேஷன், மூன்று நாள் டிரிப்ஸ், பத்து நாள் மாத்திரை எல்லாம் சேர்த்து 19,400 ரூபாய். வண்டிக்கு 2,600 தனி.

பில்லை வரி வரியாகக் கேட்டு வாங்குங்கள். நாள் வாடகை, டாக்டர் கட்டணம், மருந்து, பரிசோதனை தனித்தனியாக இருக்க வேண்டும். கால்நடை கிளினிக்கில் தரும் சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. மருந்துக்கடையில் வாங்கும் மருந்துக்குத்தான் வரி. எனக்கு வேண்டியவர் ஒருவரின் பில்லில் சிகிச்சைக்கும் சேர்த்து வரி போட்டிருந்தார்கள். கேட்டதும் கழித்துக் கொடுத்துவிட்டார்கள்.

பார்வோ (குட்டிகளுக்கு வாந்தி பேதியாக வரும் வைரஸ் நோய்) வந்த குட்டி. ஐந்து நாள் அட்மிட் செய்யச் சொல்கிறார்கள். முடியாது. வேறு வழி?

இருக்கிறது, ஆனால் டாக்டர் ஒத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 40 நாய்களை வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் நரம்பில் டிரிப்ஸ் ஏற்றித் தேற்றிய பிறகு, பாதியை மருத்துவமனையிலேயே வைத்தார்கள். மீதியை வெளிநோயாளி முறையில் பார்த்தார்கள்: தோலுக்கடியில் திரவம், வாந்தி நிற்க ஊசி, நீண்ட நேரம் வேலை செய்யும் ஆன்டிபயாடிக். மருத்துவமனையில் வைத்தவற்றில் 90 சதவீதம் பிழைத்தன, மற்றவற்றில் 80 சதவீதம். அட்மிஷன்தான் நல்லது. ஆனால் அது முடியாது என்பதற்காகக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிட வேண்டியதில்லை.

கேட்க வேண்டியது இது: "முன்னங்கால்ல வென்ஃப்ளான் (நரம்புல குத்தி வைக்கிற ஊசிக்குழாய்) போட்டு விடுங்க, காலையும் சாயந்தரமும் கூட்டிட்டு வந்து டிரிப்ஸ் ஏத்திக்கிறோம், முடியுமா?" பல கிளினிக்குகளில் சம்மதிப்பார்கள். தங்கும் வாடகை மிச்சம். வீட்டில் ஒருவர் விழித்திருக்க வேண்டும், குட்டியை வெதுவெதுப்பாக வைக்க வேண்டும், வாந்தி எத்தனை முறை என்று எழுதி வைக்க வேண்டும். குட்டி கிடந்த இடத்தை பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சாதாரண பினாயிலுக்கு அசையாது. தடுப்பூசி முடிக்காத வேறு குட்டியை அந்த வாசலில் விடாதீர்கள்.

உண்ணிக் காய்ச்சலுக்கும் இவ்வளவு செலவாகுமா?

சீக்கிரம் பிடித்தால் ஆகாது. ரத்தப் பரிசோதனையும் நான்கு வாரம் வரை கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும்தான் பல நாய்களுக்கு முக்கியச் செலவு. பாதியில் மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வரும், அப்போதுதான் பெரிய செலவு. ரத்தம் மிகவும் குறைந்து ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், தடுப்பூசி போட்ட, 25 கிலோவுக்கு மேல் உள்ள ஆரோக்கியமான நாய் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். எருத்தேம்பதியில் ஒரு வீட்டு லாப்ரடார் இப்படி ஒரு நாட்டு நாய்க்கு ரத்தம் கொடுத்தது. ரத்தப் பைக்கும் ஏற்றும் வேலைக்கும்தான் பணம் வாங்கினார்கள்.

மருந்து வாங்குவதில் மிச்சம் பிடிக்கலாமா?

பிடிக்கலாம். நாய்க்கு எழுதும் மருந்துகள் பல, மனிதர்களுக்கான மருந்துக்கடையிலேயே இருப்பவை. கம்பெனிப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஜன் ஔஷதி கடையிலோ, கேரளப் பக்கம் நீதி மெடிக்கல் ஸ்டோரிலோ, தமிழ்நாட்டுப் பக்கம் 2025இல் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பாருங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல், வீட்டில் கிடக்கும் காய்ச்சல் மாத்திரையையும் வலி மாத்திரையையும் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கும். இபுபுரூஃபன் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

கையில் ஒன்றுமே இல்லை. எங்கே புரட்டுவது?

இரவு என்றால் மனிதர்களிடம்தான். தயங்காமல் நான்கு பேருக்குப் போன் செய்து தலா ஆயிரம் இரண்டாயிரம் கேளுங்கள். ஒருவரிடம் இருபதாயிரம் கேட்பதைவிட இது நடக்கும். போன் புதிதாக மாற்றியவர்களுக்கு முதல் 24 மணி நேரம் யூபிஐயில் 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. அதனால் வீட்டில் இன்னொருவர் போனையும் ஏடிஎம் கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விடிந்த பிறகு நகைக்கடன் இருக்கிறது. 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025இல் விதியைத் தளர்த்தியது. அதற்காக அவ்வளவும் வாங்க வேண்டாம். பில்லுக்கு வேண்டியதை மட்டும், முடிந்தால் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ வாங்குங்கள். குறி, அதாவது சீட்டு, போட்டிருப்பவர்கள் அங்கே கேட்டுப் பாருங்கள். கேரள அரசின் கே.எஸ்.எஃப்.இ.யில் குறி கட்டுபவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர், அங்கே நகைக்கடனும் தருகிறார்கள். பால் ஊற்றுபவர்கள் சொசைட்டியில் முன்பணம் கேட்கலாம். என் பத்தாயிரத்தில் நான்காயிரம் அப்படி வந்ததுதான்.

ஐந்து நிமிடத்தில் கடன் என்று போனில் வரும் ஆப் பக்கம் போகாதீர்கள். போனில் உள்ள எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு உறவினர்களை மிரட்டும் கும்பல்கள் அதில் இருக்கின்றன. மாட்டிக்கொண்டவர்கள் 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் புகார் சொல்லுங்கள்.

மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் நிதி திரட்டலாம், நாய்க்காகவும் செய்கிறார்கள். ஆனால் பணம் கைக்கு வர நாளாகும், இன்றிரவுக்கு உதவாது. நீண்ட வைத்தியம் என்றால் முயலுங்கள். எஸ்டிமேட், டாக்டர் சீட்டு, நாயின் படம் மூன்றும் இருந்தால்தான் முன்பின் தெரியாதவர்கள் நம்புவார்கள். செலவானதும் பில்லை அங்கேயே போடுங்கள்.

இன்ஷூரன்ஸ் எடுத்தால் போதுமா?

நோய் வந்த பிறகு எடுத்தால் பயனில்லை, ஏற்கனவே இருக்கும் நோய்க்குத் தர மாட்டார்கள். நல்ல உடம்போடு இருக்கும்போது எடுப்பதென்றால் நான்கைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாட்டு நாய்க்கு உண்டா, வயது வரம்பு என்ன, காத்திருக்கும் காலம் எவ்வளவு, ஆஸ்பத்திரிச் செலவுக்கா அல்லது நாய் இறந்தால் மட்டும்தானா. கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். தடுப்பூசிப் புத்தகம் சரியாக இல்லையென்றால் கிளெய்ம் நிற்காது. பணமும் பெரும்பாலும் நாம் கட்டிய பிறகுதான் வரும்.

நாய் வைத்தியச் செலவுக்கு வருமான வரியில் கழிவு உண்டா?

இல்லை. மருத்துவச் செலவுக்கான வரிக் கழிவு மனிதர்களுக்கு மட்டும்.

"ஒரு நாட்டு நாய்க்கு இவ்வளவா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

என் மாமியார் கேட்டார். நான் பதில் பேசவில்லை. செவலை எங்கள் தென்னந்தோப்பில் ஐந்து வருடம் காவல் கிடந்தவள். பன்றி வந்தால் முதலில் குரைப்பவள். என் மகள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்திருப்பாள். கேட்டவரும் அதையெல்லாம் பார்த்தவர்தான். தையல் போட்ட வயிற்றோடு அவள் வந்தபோது கஞ்சியை ஆற்றிக் கொண்டுவந்தவரும் அவரேதான். பயத்தில் கேட்கும் கேள்வி அது. வீட்டில் பணம் எவ்வளவு இருக்கிறது, எதுவரை போகலாம் என்று எல்லோரும் உட்கார்ந்து ஒரு தொகையைப் பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சு நடந்துவிட்டால் சண்டை குறைகிறது.

பாம்பு கடித்தால்?

ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. விஷமுறிவு மருந்து நாய்க்கென்று தனியாகக் கிடையாது. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து மனிதர்களுக்குத் தயாரிக்கும் அதே குப்பிதான். சிறிய நாய்க்குக் குறைவாகப் போதும் என்று நினைப்பது தவறு. ஏறிய விஷத்தின் அளவுக்குத்தான் குப்பிகள், அதனால் செலவு எகிறும். கிளம்பும் முன்பே போன் செய்து "மருந்து ஸ்டாக் இருக்கா?" என்று கேளுங்கள். இல்லாத இடத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் நேரம் போய்விடும்.

எச்சில் ஒழுகுகிறது, தண்ணீர் இறங்கவில்லை, யாரையும் தெரியவில்லை. செலவு செய்து காப்பாற்றலாமா?

வெறிநோயாக இருக்கலாம். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று நினைத்து வாய்க்குள் கையை விடாதீர்கள். தனி அறையில் அடைத்துவிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். வெறிநோய் என்றால் நாய்க்கு வைத்தியமே கிடையாது, யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கடிபட்டவர்களும் எச்சில் பட்டவர்களும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள் என்று நான்கு முறை, ஒன்றையும் விடக் கூடாது. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடும் சீரமும் வேண்டும்.

காப்பாற்ற முடியாது என்று டாக்டரே சொல்கிறார். அல்லது முடியும், ஆனால் எங்களால் கட்ட முடியாது.

முதலாவது என்றால், வலி தெரியாமல் ஊசி போட்டுத் தூங்க வைக்கச் சொல்லலாம். அந்த முடிவை எடுப்பவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. பக்கத்தில் இருந்து தலையைத் தடவிக்கொண்டிருங்கள். இரண்டாவது என்றால், தனியார் டாக்டரிடம் உண்மையைச் சொல்லி அரசு கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி வாங்குங்கள். அதுவரை தாங்க ஒரு டிரிப்ஸும் வலிக்கு ஊசியும் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் முடியாத நிலை வரும். எங்கள் தெருவிலேயே வந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர் முடிந்ததையெல்லாம் செய்தார். அவரிடம் யாரும் "இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாமே" என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

பெண் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள். கருப்பையில் சீழ் பிடிக்கும் பேச்சே இருக்காது. செவலைக்கு அதை முன்பே செய்திருந்தால் 19,400இல் சிறு பகுதிதான் ஆகியிருக்கும். குட்டிக்குப் பார்வோ தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். ஒன்று போட்டுவிட்டு நிறுத்திவிடும் வீடுகளில்தான் அதிகம் சாகின்றன. வெறிநோய் ஊசி ஆண்டுதோறும். கேரளத்தில் பஞ்சாயத்து லைசென்ஸுக்கும் அந்தச் சான்று கேட்பார்கள்.

எங்கள் சமையலறை அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. செவலையின் ஊசிப் புத்தகம், பழைய பில், இரவு டாக்டரின் எண், இரவில் வரும் ஜீப்காரரின் எண் எல்லாம் அதில். பால் சொசைட்டிப் பணம் வரும் நாளில் 300 ரூபாய் அதில் விழும். போன வாரம் எண்ணியபோது 7,200 இருந்தது.